விழுப்புரம் ஜங்ஷனில் பத்து நிமிடம்

என் பெயர் முதன்முதலில் பத்திரிகையில் அச்சானபோது நான் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் அடுத்த போர்ஷனில் கம்பவுண்டர் வீட்டம்மா இருந்தார். அவர்தான் அந்த வாரப் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னாம்மா, நீ கதையெல்லாம் எழுதுவியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு!"

பார்த்தேன். தலைப்புக்குக் கீழே என் பெயர், அதற்குக் கீழே திண்டிவனம். சத்தியமாக நான் ஒரு வரிகூட எழுதியவள் இல்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பால் கணக்கும் வண்ணான் கணக்கும் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் பெயர் பெயர்தானே! மாவுக் கையோடு அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தேன். வயிற்றுக்குள் குபுகுபுவென்று சந்தோஷம் பொங்கியதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

சாயங்காலம் வீட்டுக்காரர் தாலுகா ஆபீசிலிருந்து வந்து சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் பத்திரிகையை மூக்குக்கு நேரே நீட்டினேன். மனிதர் முகத்தில் ஒரு பக்கம் பூரிப்பு, ஒரு பக்கம் திருட்டு முழி.

"கத்தாத, கத்தாத. நான்தான் எழுதினேன். கவர்மெண்டு உத்தியோகத்துல இருந்துக்கினு பர்மிஷன் இல்லாம கதை எழுதினா மெமோ குடுத்துடுவாங்க. அதான் உன் பேர்ல அனுப்பினேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"போட்டா சொல்லிக்கலாம்னு இருந்தேன். போடுவாங்கன்னு எனக்கே நம்பிக்கை இல்ல."

ஐம்பதுகளின் கடைசியில் இது உலகத்தில் நடக்காத காரியம் இல்லை. உத்தியோகத்துக்குப் பயந்தும், பெண் பெயர் என்றால் சீக்கிரம் போடுவார்கள் என்ற நப்பாசையிலும் பெண்டாட்டி பெயரில் எழுதிய ஆண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அந்தப் பெண்டாட்டிகள் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பதிபக்தி என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். எனக்கு அந்தப் பெருமை பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஒன்றரை வருஷத்தில் என் பெயரில் ஆறு கதைகள் வந்தன. தெருக்குழாயில் என் குடத்துக்கு இடம் விட்டார்கள். மளிகைக் கடைக்காரர் வெல்லத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "இந்த வாரம் கதை இல்லீங்களா?" என்று கேட்டார். நானும் பெரிய மனுஷியாட்டம், "யோசனை பண்ணிக்கினு இருக்கேங்க" என்பேன். இந்தப் பொய் சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூச்சமே இல்லை.

எல்லாம் அந்த ஆறாவது கதை வருகிற வரைக்கும்தான்.

கதையில் ஒரு ஏழைக் குடியானவன் பெண்டாட்டி. புருஷன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். அவள் ஒரு கையால் தொட்டிலை ஆட்டியபடியே, மறு கையில் கரண்டியை வைத்துக்கொண்டு கேப்பைக் களி கிண்டுகிறாள். கண்ணீர் சொட்டுச் சொட்டாகக் களியில் விழுகிறது. எங்கள் வீட்டுக்காரர் களி சாப்பிட்டவர். கிண்டும்போது அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்தவர் இல்லை.

களிப் பானை என்ன பால் கிண்ணமா? இறக்கி வைத்து, கவைக் கழியைப் பானை வாயில் மாட்டி, கழியின் இரண்டு முனையையும் காலால் அழுத்திக்கொண்டு, மரத் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்ற வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும். கரண்டியை விட்டால் கரண்டி வளையும். தொட்டில் ஆட்ட மூன்றாவது கை எங்கிருந்து வரும்?

அடுத்த நாள் குழாயடியில் சிரிப்பான சிரிப்பு. "இன்னாம்மா, உங்க ஊட்ல கரண்டியிலதான் களி கிண்டுவீங்களா? எங்களுக்கும் சொல்லிக் குடேன்!" பத்திரிகைக்கும் நாலைந்து கடிதங்கள் போய், அதில் ஒன்றை அச்சிலும் போட்டுவிட்டார்கள். கேப்பை விளைகிற ஊரில் பிறந்து, பத்து வயதில் துடுப்பு பிடித்தவள் நான்! அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று வீட்டுக்காரருக்குச் சோறு போடும்போது தட்டு கொஞ்சம் சத்தமாகவே விழுந்தது.

"இனிமே எனக்குக் காட்டாம ஒண்ணும் அனுப்பக் கூடாது" என்றேன்.

அதற்கப்புறம் அவர் எழுதியதையெல்லாம் படித்தேன்; ஒன்றும் தபாலேறவில்லை. இது இப்படி இல்லை, அது அப்படி நடக்காது என்று சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு ஒருநாள் சுருக்கென்று தைத்தது. இவ்வளவு தெரிந்தவள் நாமே எழுதினால் என்ன? யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. அவர் ஆபீசுக்குப் போனதும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குள் பதினோரு வயதிலிருந்து ஒரு விஷயம் கிடந்தது. எங்கள் அப்பா நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பறிக்க ஊர்ப் பெண்கள் கூலிக்கு வருவார்கள். பொழுது சாய்ந்து வீட்டுக்குக் கிளம்பும்போது ஒவ்வொருவரும் வரப்பில் நின்று மடியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பெண்களின் மடியை ஆண்கள் சோதிக்க முடியாது என்பதால் அப்பா என்னை நிறுத்தியிருந்தார். எனக்கு அதில் அப்படி ஒரு அதிகாரம்! ஒருநாள் ஒல்லியான ஒரு பெண் மடியை உதறினாள். ஒன்றும் விழவில்லை. ஆனால் வயிறு மட்டும் புடைத்துத் தெரிந்தது. "இவ உள்ள கட்டி வெச்சிருக்கா!" என்று வயல் முழுக்கக் கேட்கக் கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே என்னவோ அசைந்தது. மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அந்த வருஷம் முழுக்க வரவில்லை.

இதைத்தான் எழுதினேன். நான்கு நாள். என்ன நாட்கள் அவை! சோறு அடிப்பிடித்தது, பால் பொங்கி வழிந்தது, நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அந்தப் பெண் என் கையைப் பிடிக்கிற இடம் வந்தபோது இரண்டு தடவை எழுதி எழுதி அடித்தேன். ஆனால் நிறுத்த மனம் வரவில்லை. இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே என்று கோபம்கூட வந்தது. எழுதி முடித்து, என் பெயரைப் போட்டு, வீட்டுக்காரரிடம் மூச்சு விடாமல் நோட்டை அப்படியே நானே தபால் ஆபீசுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

மூன்று வாரத்தில் கதை திரும்பி வந்தது. கூடவே ஆசிரியரின் கடிதம். வீட்டுக்காரர் கையில்தான் கிடைத்தது. அவர் அதை உரக்கப் படித்தார். யாரோ விஷமிகள் உங்கள் பெயரைப் பயன்படுத்தி இந்தக் கதையை அனுப்பியிருக்கிறார்கள், கையெழுத்தும் உங்களுடையதல்ல, நடையும் உங்களுடையதல்ல, எச்சரிக்கையாக இருங்கள் என்று எழுதியிருந்தார் அந்த மகானுபாவர்! என் பெயரை நான் திருடிவிட்டேனாம்!

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வீட்டுக்காரர் கதையை எடுத்து ஒரே மூச்சில் படித்தார். மறுபடி முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குது" என்றார். பிறகு, "கொஞ்சம் நான் தேச்சுக் குடுக்கட்டா? கடைசியில ஒரு நிலா வெச்சா இன்னும் எடுப்பா இருக்கும்."

"ஒரு நிலாவும் வேணாம்" என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

கடிதத்தில் இன்னொரு பாதி இருந்தது. ஆசிரியர் அடுத்த வாரம் தெற்கே ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். பகல் வண்டி திண்டிவனத்தில் நின்றதும் கிளம்பிவிடும், விழுப்புரத்தில்தான் என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கப் பத்து நிமிடம் நிற்கும். அங்கே வந்தால் நேரில் பார்க்கலாம், தொடர்கதை ஒன்று எழுதுவது பற்றியும் பேசலாம். தொடர்கதை! வீட்டுக்காரர் அந்த வார்த்தையை மூன்று தடவை படித்தார். அவருடைய ஆயுள் கனவு அது. ஒரு வாரம் தூக்கத்தில்கூடச் சிரித்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. நான் உண்மையைச் சொன்னால் அவருக்குத் தொடர்கதை போய்விடும். சொல்லாவிட்டால் என் கதை என்றைக்கும் விஷமி எழுதிய கதைதான்.

விழுப்புரம் பஸ்ஸில் ஏறியதிலிருந்து எனக்குப் பாடம் நடந்தது.

"நீ சும்மா தலைய ஆட்டு, போதும். பேசறதெல்லாம் நான் பார்த்துக்கிறேன். கூச்ச சுபாவம்னு சொல்லிடறேன்."

என் பையில் ஆசிரியருக்கு வாங்கிய சாத்துக்குடிக்கு அடியில் அந்தக் கதை இருந்தது. விக்கிரவாண்டியில் பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. டிரைவர் யாரோடோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். "அண்ணே, ஜல்தி எடுங்கண்ணே, வண்டி போய்டும்" என்று எங்கள் வீட்டுக்காரர் கெஞ்சினார். ஜங்ஷனில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் படியேறி இறங்குவதற்கும், கரியும் புகையுமாக வண்டி உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது.

ஆசிரியர் ஜன்னலோரத்தில் இருந்தார். தலை நரைத்த, மெலிந்த மனிதர். எங்களைப் பார்த்ததும் இறங்கியே வந்துவிட்டார்.

"நீங்கதானாம்மா? இவ்வளவு சின்னப் பொண்ணா இருப்பீங்கன்னு நினைக்கலை. தொடர்கதைக்கு மனசுல ஏதாவது இருக்கா?"

"அவங்க இன்னா நெனைக்கிறாங்கன்னா…" என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார். கதாநாயகி, வில்லன், பதினாறாவது வாரத்தில் ஒரு மரணம் என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே போனார். நான் நினைப்பதையெல்லாம் அவர் சொல்வதைக் கேட்டு எனக்கே ஆச்சரியம்! நேரம் ஓடிக்கொண்டிருந்தது. என்ஜினுக்குத் தண்ணீர் விட்டு முடித்துக் குழாயைத் திருப்பிவிட்டார்கள்.

ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். "யார் என்ன சொன்னாலும் சரிம்மா, அந்தக் களி கிண்டற இடத்தைப் படிச்சு நான் கண் கலங்கிட்டேன்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"களிய ஒத்தக் கையால கிண்ட முடியாதுங்க ஐயா! அத எழுதினவரு இவரு. ஆறு கதையும் இவருதான் எழுதினாரு. நீங்க திருப்பி அனுப்பினீங்களே, அது ஒண்ணுதான் நான் எழுதினது."

வீட்டுக்காரர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. ஆசிரியர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சாத்துக்குடியைத் தள்ளிவிட்டு நோட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். கார்டு விசில் ஊதினார். ஆசிரியர் ஏறி ஜன்னலுக்கு வந்து, முதல் பக்கத்தைப் புரட்டியபடியே கேட்டார்.

"இத்தனை நாள் இந்தப் பேர் அவரோடதாச்சேம்மா. வாசகர்கள் குழம்புவாங்க. உங்களுக்கு வேற ஒரு பேர் வெச்சுக்கலாமே?"

வண்டி நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன்.

"முடியாதுங்க. வரப்புல நின்னு கத்தினது நான்தாங்க. எம் பேர்லதான் போடணும்!"

அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. வண்டி வேகம் பிடித்துவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் வீட்டுக்காரர் விக்கிரவாண்டி தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். தப்பு செய்துவிட்டோமோ என்று நூறு தடவை கேட்டுக்கொண்டேன். நூறு தடவையும் இல்லை என்றுதான் வந்தது. கடைசியில் அவரே, "தொடர்கதை போச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குத் துடுப்புன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது" என்றார். அந்த வருத்தம் அவருக்கு லேசில் போகவில்லை. அதைப் பற்றி எனக்கு இன்றும் கொஞ்சம் குற்ற உணர்ச்சி உண்டு.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை கம்பவுண்டர் வீட்டம்மா பத்திரிகையோடு வந்தார். இந்தத் தடவை அவர் ஓடிவரவில்லை, சிரிக்கவும் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து, "நானும் சின்ன வயசுல மல்லாட்டை பறிக்கப் போயிருக்கேன்மா" என்று மட்டும் சொன்னார்.

வாங்கிப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. நிலாவும் இல்லை. மேலே என் பெயர் இருந்தது.

அந்தப் பெயரில் வந்த ஏழாவது கதை அது. நான் எழுதிய முதல் கதை.