லேபிள் பிரஸ்ஸில் பிடித்த ஆன்டெனா

ஆன்டெனா என்று சொன்னால் எங்கள் கோவில்பட்டியில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். எண்பதுகளின் கடைசி அது. மாடி வைத்த வீடு என்றால் மாடிக்கு மேலே உயரமாக ஒரு குழாயும், குழாயின் உச்சியில் கொழும்பு டிவிக்காகத் திருப்பி வைத்த அலுமினியக் கம்பிகளும் இருந்தாக வேண்டும். காற்றடித்தால் ஒருவர் மேலே ஏறித் திருப்புவார், இன்னொருவர் கீழே நின்று படம் தெரிகிறதா இல்லையா என்று கத்துவார். அப்படிப்பட்ட ஊரில், இன்ஜினியரிங் கடைசி வருஷத்து பிராஜெக்டாக நான் ஆன்டெனா செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, தபால்தலையை விடச் சின்னதாக ஒரு செப்புத் துண்டைப் படம் போட்டுக் காட்டினால் என்ன மரியாதை கிடைக்கும்? தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த என் அப்பா, மகள் போட்ட அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல கொழும்பு தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அப்பம் என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதன் பெயர் மைக்ரோஸ்டிரிப் பேட்ச் ஆன்டெனா. மெல்லிய பலகை ஒன்று. அடிப்பக்கம் முழுக்கச் செம்பு. மேல்பக்கத்தில் நடுவில் மட்டும் செம்பில் ஒரு செவ்வகம், அதற்குள் அலையைக் கொண்டுபோக ஒரு கோடு. அவ்வளவுதான் சங்கதி. செவ்வகத்தின் நீளம் கூடினால் அது வேலை செய்யும் அலைவரிசை இறங்கும், குறைந்தால் ஏறும். எனக்கு வேண்டியது 9.4 கிகாஹெர்ட்ஸ். அதற்கு நீளம் பத்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே வரவேண்டும். எட்டயபுரத்துக்கு டிரங்க் கால் போட்டுவிட்டு பஸ் ஏறினால், லைன் கிடைப்பதற்குள் நாமே போய்ச் சேர்ந்துவிடும் காலம் அது. ஊருக்கு ஊர் கூரை மேல் இப்படி ஒரு பலகை இருந்தால் கம்பியே இல்லாமல் பேச்சும் கணக்கும் வலைபோல ஓடும் என்று ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன். நான் அடித்த ஜம்பங்களில் பலித்தது அது ஒன்றுதான்.

எனக்கு இந்த பிராஜெக்ட் உயிர் போகிற விஷயமாக இருந்தது. பெங்களூரில் ஒரு ரேடியோ கம்பெனி என்னை வேலைக்கு எடுத்திருந்தது. அந்த முறையே பாஸாகி, ஜூலையில் போய்ச் சேர வேண்டும். பிராஜெக்டில் கோட்டைவிட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி எழுதலாம், அதுவரை கம்பெனி காத்திருக்காது என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தை மனப்பாடம் ஆகும் அளவுக்குப் படித்திருந்தேன்.

ஆன்டெனாவைச் செய்வதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள் அதை ஒத்திகை பார்க்க வேண்டும். நீளம், அகலம், பலகையின் கனம், பலகை செய்த பொருளின் மின்காப்பு எண் எல்லாம் கொடுத்தால் எந்த அலைவரிசையில் இழுக்கும் என்று சொல்லுகிற புரோகிராம் ஒன்றை ஃபோர்ட்ரானில் நானே எழுதினேன். கல்லூரியிலேயே ஏசி இருந்தது கம்ப்யூட்டர் ரூமில் மட்டும்தான். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். சித்திரை வெயிலில் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தால் உள்ளே பெரிய ஆராய்ச்சி நடப்பதாகத் தோன்றும். பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். என் புரோகிராம் ஒருமுறை ஓடி முடிய முக்கால் மணி நேரம் ஆகும், நாற்பதாவது நிமிஷத்தில் கரண்ட் போகும். இத்தனையும் கடந்து ஒருநாள் 9.4 என்று பேப்பரில் அடித்து வந்தபோது நான் போட்ட கூச்சலில் தூங்கினவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள்.

அடுத்தது, அந்தச் செவ்வகத்தைச் செம்பில் கொண்டுவர வேண்டும். பத்து மடங்கு பெரிதாக வரைந்து, போட்டோ பிடித்துச் சுருக்கி, அந்த ஃபிலிமை வைத்துப் பலகையை அமிலத்தில் அரிக்க வேண்டும். அந்த மாதிரிக் கேமராவுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? அப்பாவின் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் ஆள் உயரத்துக்கு ஒன்று நின்றது. அதை இயக்குகிற கேமரா அண்ணாச்சி ஒற்றைக் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, பிளேடு முனையால் ஃபிலிமில் தூசி தட்டுகிறவர். அவரிடம் படத்தைக் கொடுத்து, சரியாகப் பத்தில் ஒரு பங்கு என்று மூன்று தடவை சொன்னேன். மறுநாள் ஃபிலிம் வந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. அளந்து பார்க்கவில்லை. வரைந்தது நான், சுருக்கியது முப்பது வருஷக் கை, இதில் அளக்க என்ன இருக்கிறது என்ற திமிர்தான்.

வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு இரண்டு நாள் முன்பு, அரித்து முடித்த பலகையைக் கல்லூரி ஆய்வகத்தில் மாட்டினேன். ஆன்டெனா அலையை ஏற்றுக்கொண்டால் மீட்டர் முள் விழும், ஏற்காவிட்டால் நிமிர்ந்து நிற்கும். 9.4இல் முள் அசையவில்லை. இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, கடைசியில் 8.6இல் போய் முள் பொத்தென்று விழுந்தது. என் லெக்சரர் நல்ல மனுஷர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார். பலகையின் மின்காப்பு எண்ணைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் புரோகிராமும் 8.6 என்றே சொல்லிவிடும், யார் கேட்கப் போகிறார்கள்? நானும் போட்டுப் பார்த்தேன். 2.5 என்று விற்ற பலகையை 3 என்று சொன்னால்தான் கணக்கு ஒத்து வந்தது. 2.6 போட்டு வந்திருந்தால் சத்தியமாகச் செய்திருப்பேன். இது பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையாக இருந்தது. எரிச்சலில் வெர்னியரை எடுத்துச் செவ்வகத்தை அளந்தேன். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட இருந்தது. அகலத்திலும் அதே, ஆனால் அலைவரிசையை மாற்றுவது நீளம்தான்.

பிரஸ்ஸுக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அளவைக் கூட்டிவிட்டீர்களா என்று கேட்டதும் அண்ணாச்சி பெருமையாகத் தலையாட்டினார்.

"சுத்தி ஒரு இழை கூட்டித்தான் பிடிச்சேன் பாப்பா. இல்லைன்னா வெள்ளை விழுந்துரும்லா?"

லேபிளில் ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிறம் அடிக்கும்போது காகிதம் துளி நகர்ந்தாலும் நடுவே வெள்ளைக் கோடு தெரியும். அதனால் எந்த உருவத்தையும் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் பருக்க வைப்பது அவர் வழக்கம். என் செவ்வகத்துக்கும் அந்த உபகாரத்தைச் செய்திருக்கிறார். அந்த ரகப் பலகை என்னிடம் ஒரே துண்டுதான் இருந்தது, புதிதாகச் செய்ய வழியில்லை. "என் வேலை போச்சு அண்ணாச்சி, உங்களாலதான் போச்சு" என்று, மிஷின் ஓட்டுகிறவர்கள் எல்லாம் பார்க்க, கத்திவிட்டு வந்தேன். அவர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கக்கூட இல்லை, அப்படியே நின்றார்.

மறுநாள் கம்ப்யூட்டர் ரூமில், வேறு போக்கிடம் இல்லாமல், அண்ணாச்சியின் அளவையே புரோகிராமுக்குக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம். கரண்ட் போகவில்லை. 8.6 என்று அடித்தது. கொஞ்ச நேரம் எனக்கே விளங்கவில்லை. புரோகிராமில் ஒரு தப்பும் இல்லை. பலகையில் இருந்த அளவுதான் வேறு. செம்பு என்ன அளவில் இருந்ததோ அதற்குச் சரியான பதிலைத்தான் மீட்டர் சொல்லியிருக்கிறது.

வைவா நாளன்று வெளியூர்த் தேர்வாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். லேபிள் கதையைச் சொன்னபோது சிரித்தார். பிறகு என் தலையில் கல்லைப் போட்டார். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட யாராலும் முடியுமாம். கூடுதல் நீளத்தை வெட்டினால் 9.4 வரும் என்று புரோகிராம் சொல்கிறதல்லவா, இங்கேயே வெட்டிக் காட்டச் சொன்னார். வந்தால் பாஸ், வராவிட்டால் அடுத்த முறை பார்க்கலாம் என்றார்.

வெர்னியரை வைத்துச் செவ்வகத்தின் கடைசி ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் உள்ளே கோடு கீறினேன். பிளேடை எடுத்து முதலில் ஒரு காகிதத்தில் இழுத்துப் பார்த்தேன், கோணலாகப் போனது. கோடு தாண்டி இழுத்துவிட்டால் ஒட்டவா முடியும்? ஜன்னல் வழியே பார்த்தேன். காலையிலிருந்தே சைக்கிள் ஸ்டாண்டில் கேமரா அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தேன். இப்போது வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன்.

வந்து லென்ஸைச் செருகினார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பிளேடை எடுத்தார். எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டினேன்.

"வெள்ளை விழுமே பாப்பா" என்றார்.

"விழட்டும் அண்ணாச்சி. அதுதான் வேணும்."

ஒரே இழுப்பு. நான் சால்டரிங் அயர்னால் சூடுகாட்ட, செம்பு இழை சுருண்டு வந்தது. பலகையை மாட்டி அலைவரிசையை மெதுவாக ஏற்றினேன். 8.6இல் முள் அசையவில்லை. 9இலும் இல்லை. 9.4க்கு ஒரு மயிரிழை முன்பு சரியத் தொடங்கி, 9.4இல் முழுசாக விழுந்தது. தேர்வாளர் தானே திருகி இன்னொரு முறை பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அண்ணாச்சி முள்ளைப் பார்க்கவே இல்லை. கழற்றி வைத்த பலகையை எடுத்து லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தார். "லேசாக் கோணியிருக்கு. இன்னும் ஒரு இழை எடுத்தா நேராயிரும்" என்று பிளேடைக் கொண்டுபோனார். பாய்ந்து பலகையைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். தேர்வாளர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அங்கேயேதான் வைத்திருந்தேன். முந்தாநாள் கத்தியதற்கு அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டபோதுகூடக் கையை முன்னால் கொண்டுவரவில்லை.