வெள்ளைப் பூ வந்தும்

கார்த்திகா என் பெண்டாட்டி. திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு பெங்களூர் பார்சல் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். ஊர்ப்பட்ட பார்சல்களின் விவரம் நூற்றுக்கணக்கான மெஷின்களில் பிரிந்து கிடக்கிறது. பார்சல் எண்ணைக் கொடுத்தால் விவரம் வரவேண்டும். ஒவ்வொரு மெஷினிலும் அதை எழுதிவைத்து, கேட்டால் எடுத்துத் தருகிற மென்பொருளுக்கு ஸ்டோரேஜ் இன்ஜின் என்று பேர். எங்களைப் பிடித்த சனியன் அதுதான்.

இப்போதிருக்கும் இன்ஜினைத் தேர்ந்தெடுத்தவளும் இவள்தான். வருவதையெல்லாம் மளமளவென்று எழுதிக்கொள்ளும். அப்புறம்தான் அடுக்கிப் பெருக்கும், விருந்து முடிந்த அடுப்படி மாதிரி. பெருக்குகிற நேரத்தில் திணறும். அந்தத் திணறலை அடக்க இவளுக்குத்தான் தெரியும். பழக்கிவிட்ட ஆட்களெல்லாம் வேறு கம்பெனிக்கு ஓடிவிட்டார்கள். தங்கச்சி வளைகாப்பில்கூட மடியில் லேப்டாப். அந்த மெஷின்களை வெளிநாட்டிலிருந்து தொடக்கூடாது என்று கம்பெனி விதி வேறு. நானோ துபாயில் கிடக்கிறேன்.

நான் ஊருக்கு வந்த இந்த லீவில் ஒரு வழி பிறந்தது. புது இன்ஜின் ஒன்று வந்திருக்கிறது. பராமரிப்பை வெளியாட்களே பார்த்துக்கொள்வார்களாம். சோதித்து, எது வேண்டுமென்று இவள் சொல்லவேண்டும். புதியது தேறினால் வேலையை விட்டுவிட்டு என்னோடு வருவாள். விசா வந்துவிட்டது, பெட்டியும் கட்டியாயிற்று.

பிரகதாம்பாள் சந்நிதியில் பூக் கட்டிப் பார்த்தோம். சிவப்பு வந்தால் பழையது, வெள்ளை வந்தால் புதியது. நான் எடுத்த பொட்டலத்தில் நந்தியாவட்டை! "ஆத்தாளே சொல்லிட்டா, அப்புறமென்ன!" என்றேன். பூவைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று!

அந்தப் பூவோடுதான் கடைசிச் சோதனைக்கு உட்கார்ந்தாள். எழுதிக்கொண்டிருக்கும்போதே பெங்களூர் ஆட்களிடம் சோதனை மெஷின்களின் கரண்ட்டை நிறுத்தச் சொல்லி, திரும்பப் போடச் சொன்னாள். எழுதியாயிற்று என்று புது இன்ஜின் சத்தியம் பண்ணிய விவரங்களில் சிலதைக் காணோம். அதைச் சரிக்கட்டினால் ஆமையாய் நகர்ந்தது.

"கரண்ட் எப்பவோ போவும். அதுக்காக நம்ம வாழ்க்கையக் கெடுப்பியா? நல்லாருக்குன்னு சொல்லித் தொலை!"

"மருந்து மாத்திரை பார்சலும் அதுலதாங்க போவுது. எப்புடிங்க சொல்லுவேன்?" அழுதுவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த லேப்டாப்பைத் தெருவில் வீசியிருப்பேன்.

மேனேஜர் பெலிக்ஸ் போனில் வந்தார். "எது கார்த்திகா?"

"பழசே இருக்கட்டும் சார்."

"அப்பாடா! இனிமே எங்களுக்குக் கவலையே இல்ல. அதான் நீங்க இருக்கீங்கல்ல!"

அவள் போனை வைத்தாள். தலையில் அந்தப் பூ அப்படியே இருந்தது. நான் பெட்டியைத் திறந்து அவள் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து பீரோவில் வைத்தேன்.