பதினான்கு நாள் விதி

இரண்டாயிரமாம் ஆண்டைத் தாண்டிய புதிதில், குடிப்பழக்கம் பற்றிய ஒரு மனநல ஆராய்ச்சியில் களப்பணியாளராக இருந்தேன். காலடிப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் குடிக்கிற ஆண்களைத் தேடிப் பிடித்து, இருபத்திரண்டு பக்கப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதைத் தமிழாக்கியவர் ஒயின் ஷாப் இருக்கும் தெருவில்கூட நடந்திருக்க மாட்டார். "ஒரு நாளில் எத்தனை நிலையான பானங்கள் அருந்துவீர்கள்?" என்று, ஆங்கிலத்து "ஸ்டாண்டர்ட் டிரிங்க்" கணக்கின் தமிழாக்கத்தை நான் வாசிப்பேன். "நெலயா நிக்கணும்னா இன்னாத்துக்கும்மா குடிக்கப் போறோம்?" என்றார் ஒரு லாரி டிரைவர். குவார்ட்டரை மில்லிலிட்டராக்கி, மில்லிலிட்டரைப் பானமாக்கி நான் எழுதி முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

வாரத்தில் ஒரு நாள், ஒரு சின்ன கிளினிக்கின் பின்னறையை எங்களுக்கு விட்டிருந்தார்கள். ஆராய்ச்சியில் சேருகிறவர்களை மட்டும் பிறகு ஒரு டாக்டர் பார்ப்பார். ஒருநாள் காலை, துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஒருவரை அவர் மனைவி அங்கே அழைத்து வந்தார். கணவருக்கு நாற்பது வயதிருக்கும். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார்.

"இருவது நாளாச்சு மேடம், தொடல. ஆனா தூக்கமே வர மாட்டேங்குது. உள்ள பரபரன்னே கீது. எதுனா மாத்திர குடுத்தா தாக்குப் புடிப்பேன்" என்றார்.

படிவத்தின் மூன்றாம் பக்கம் வரைக்கும்தான் போக முடிந்தது. கடந்த பதினான்கு நாட்களுக்குள் குடித்தவரைத்தான் சேர்க்கலாம் என்பது விதி.

"உங்களச் சேத்துக்க முடியாதுண்ணா. ரெண்டு வாரத்துக்குள்ள குடிச்சிருக்கணும்."

"குடிச்சாத்தான் டாக்டர் பாப்பாரா? வுட்டவனுக்கு ஒண்ணும் கெடையாதா?"

"ரூல் அப்படிண்ணா."

இருவரும் எழுந்து போனார்கள். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

மறுவாரம் நான் பூட்டைத் திறக்கும்போதே அவர் வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் போவதற்கு முன்பே நெடி வந்துவிட்டது.

"நேத்து ஊத்திக்கினேன் மேடம். இப்ப சேத்துக்குவ இல்ல? எழுதிக்கோ."

பரீட்சையில் பாஸான மாதிரி சொன்னார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவர் தலையிலா, என் தலையிலா என்றுதான் தெரியவில்லை. மனைவி கதவோரம் நின்று, "கையில பொத்தி வச்ச மாதிரி வச்சிகினு இருந்தேன். இன்னா கூத்தும்மா இது?" என்றார்.

கிளினிக் போனிலிருந்து என் மேலதிகாரியைக் கூப்பிட்டேன்.

"இப்ப விதிக்குப் பொருந்துறார் இல்ல? கையெழுத்து வாங்கிட்டு ஆரம்பிங்க" என்றார் அவர்.

"சார், நம்மாலதான் குடிச்சிருக்கார்."

"அத எழுத ஃபார்ம்ல இடம் இல்லம்மா."

போனை வைத்தேன். அறையைப் பூட்டினேன். இருவரையும் கூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த ரயிலில் ஏறி, அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனேன். மூன்று மணி நேரம் வரிசை. உள்ளே ஒரு இளம் டாக்டர் பத்தே நிமிடம் பேசி, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை எழுதி, வாராவாரம் வரச் சொன்னார். அவர் எந்தப் படிவத்தையும் புரட்டவில்லை.

வெளியே வந்ததும் மனைவி என்னைப் பார்த்தார். "இப்டி ஒரு எடம் கீதுன்னு போன வாரமே சொல்லியிருக்கலாம் இல்ல?"

எனக்கு அந்த இடம் தெரியும். சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் பக்கத்தில் "தகுதியற்றவர்" என்ற கட்டத்தில் டிக் அடித்ததோடு என் வேலை முடிந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

நடந்ததை இரண்டு பக்கம் எழுதி ஆராய்ச்சி அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துச் சுற்றறிக்கை வந்தது: இனிமேல் சேர்க்கை விதிகளைப் பங்கேற்பாளர்களிடம் சொல்லக் கூடாது. அதை வாசித்துவிட்டுச் சிரித்தேன். பதினான்கு நாள் விதி அப்படியே இருந்தது.

அந்தத் துறைமுகத்துக்காரர் ஆடித் திருவிழாவில் ஒருமுறை, மச்சான் சாவில் ஒருமுறை மறுபடி குடித்தார். இரண்டு முறையும் மனைவியே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். நான் அந்த வேலையை விட்டபோது, அவர் தொடாமல் எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் ஆராய்ச்சியின் எந்தக் கணக்கிலும் அவர் இல்லை.