டா என்றொரு சொல்லும் பன்னிரண்டு தலை மெஷினும்

1. மூச்சுக்கு மூச்சு டா

“என்ன மேடம், இந்த ஆளு மூச்சுக்கு மூச்சு டா போடுதாரு? எங்க அப்பாகூட என்னைய அப்படிக் கூப்பிட்டது கிடையாது.”

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு எம்பிராய்டரி பட்டறை. நான் அங்கே மொழிபெயர்ப்பாளராகப் போன முதல் நாள், முதலாளி முருகேசன் அண்ணாச்சி என்னைத் தனியே அழைத்துக் கேட்ட முதல் கேள்வி இதுதான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தி. நகர் ஜவுளிக் கடைகளுக்கு ரவிக்கை வேலை செய்து கொடுப்பவர். ஊசி ஓடும் தலை பன்னிரண்டு வைத்த கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஒன்றைச் சீனாவிலிருந்து வரவழைத்திருந்தார். அதைப் பூட்டி, ஓட்டிக்காட்டி, ஒரு ஆபரேட்டரையும் பழக்கிவிட்டுப் போக லின் என்ற டெக்னீஷியன் வந்திருந்தார். லின்னுக்குச் சீனம் தவிர வேறு எதுவும் தெரியாது. அண்ணாச்சிக்குத் தமிழும் கோபமும் தெரியும். நடுவில் நான்.

“அது மரியாதைக் குறைவு இல்லை அண்ணாச்சி, அது ஒரு வினைச்சொல்” என்றேன்.

“என்ன அர்த்தம்?”

இங்கேதான் நான் எப்போதும் மாட்டிக்கொள்வேன். டில்லியில் சீனம் படித்த காலத்திலிருந்தே இந்த ஒற்றை எழுத்துச் சொல் எனக்கு ஜென்ம விரோதி. குரலைக் கீழே இறக்கி மேலே தூக்கி ‘டா’ என்று சொன்னால் அடிப்பது. சரி. ஆனால் தொலைபேசியில் பேசுவதும் டா. குடை பிடிப்பதும் டா. டாக்ஸி பிடிப்பது, மீன் பிடிப்பது, தண்ணீர் மொள்வது, ஸ்வெட்டர் பின்னுவது, சீட்டாடுவது, ஊசி போட்டுக்கொள்வது, தும்முவது, கொட்டாவி விடுவது, குறட்டை விடுவது எல்லாமே டாதான். அகராதியில் அந்தச் சொல் பக்கக் கணக்கில் நீளும். தூங்கி வழிந்த மாணவர்களை எழுப்ப எங்கள் பேராசிரியர் அந்தப் பக்கங்களைத்தான் வாசிக்கச் சொல்வார்.

டில்லியில் நான் தவித்ததற்குச் சென்னைக்குத் திரும்பியதும்தான் விடை கிடைத்தது. மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு பையன் கைபேசியில் கத்திக்கொண்டிருந்தான்: “போன் அட்ச்சா எட்க்க மாட்டியா? பெயின்ட் அட்ச்சிக்கினு இருந்தேன்னு சொல்றியே, வெயில் அடிக்குது, நீ வந்து நில்லு.” நான் நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டேன். நாம் போன் அடிக்கிறோம், பெயின்ட் அடிக்கிறோம், மொட்டை அடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம். நமக்கு வெயில் அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, அதிர்ஷ்டமும் அடிக்கிறது. இதில் எதிலாவது யாராவது யாரையாவது அடித்தார்களா? இத்தனையையும் வாய்க்குள் வைத்துக்கொண்டு சீனாக்காரனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். “அப்ப நம்ம ஆளுதான்” என்றார். ஆனாலும் லின் டா என்று சொல்லும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கத்தான் செய்தது.

2. என் நிபந்தனை

எந்த இடத்துக்கு வேலைக்குப் போனாலும் முதல் நாளே நான் ஒரு நிபந்தனை சொல்வேன். இரண்டு தரப்பையும் உட்காரவைத்து இரண்டு மொழியிலும் சொல்வேன். நான் இருக்கும் இடத்தில் பேசப்படுவது எல்லாம் அடுத்த தரப்புக்குப் போகும். அவருக்குச் சொல்ல வேண்டாம் என்பது எதுவாக இருந்தாலும் வெளியே போய்ப் பேசிக்கொள்ளுங்கள். லின் உடனே தலையாட்டினார். அண்ணாச்சி, “நமக்கென்ன ஒளிவு மறைவு” என்று பெருந்தன்மையாகச் சிரித்தார். முதல் நாள் எல்லாரும் அப்படித்தான் சிரிப்பார்கள்.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. டா என்ற சொல் வந்தால் பேசுகிறவர் வாயைப் பார்க்க மாட்டேன், கையைப் பார்ப்பேன். கையில் எண்ணெய்க் குப்பி இருந்தால் எண்ணெய் விடுவது. நூல் இருந்தால் முடிச்சுப் போடுவது. சுவிட்சின்மேல் விரல் இருந்தால் மெஷினைப் போடுவது. துணியோடு நின்றால் மாதிரி தைத்துப் பார்ப்பது. அதனால் ஆபீஸ் ரூமில் ஏ.சி.யில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன். மெஷின் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும்.

என்னைப் போலவே கையைப் பார்த்துப் பழகிக்கொண்டவள் கலா. சைதாப்பேட்டைப் பெண். பட்டறையில் நூல் வெட்டவும் துணி மடிக்கவும் இருந்தவள். அவள் ஊசியில் நூல் கோக்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு, ஆபரேட்டராக இவளைப் பழக்குகிறேன் என்று லின் கேட்டார். அண்ணாச்சிக்கு அரை மனசு. கடைசி நாள் லின் ஒதுங்கி நிற்க, அவள் தானாகவே மெஷினை ஓட்டிக் காட்டினால் வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். கலா அதற்குள் வீட்டில் சொல்லிவிட்டாள்.

“மேடம், எங்கம்மா தெரு பூரா சொல்லிக்கினு கீது, எம்பொண்ணு கம்ப்யூட்டர் மிஷின் ஓட்டப் போவுதுன்னு. இப்ப இல்லன்னு ஆச்சுன்னா நான் அந்தத் தெருவுலயே நடக்க முடியாது” என்றாள்.

3. நின்றுபோன காலை

லின் ஊருக்குக் கிளம்ப இருந்ததற்கு முந்தைய நாள். அதற்கும் முந்தின மாலை மெஷின் அருமையாக ஓடியிருந்தது. பன்னிரண்டு தலையும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி மயிலைத் தைத்தன. லின் ஹோட்டலுக்குப் போன பிறகும் கலா கொஞ்ச நேரம் இருந்து மறுநாளைக்கு நூல் மாற்றிவைத்துவிட்டுத்தான் போனாள்.

காலையில் நானும் லின்னும் போய் ஓட்டிப் பார்த்தால் மெஷின் நாலு தையல் போடும், நிற்கும். சிவப்பு விளக்கு எரியும். நூல் அறுந்துவிட்டது என்று திரையில் வரும். போய்ப் பார்த்தால் நூல் அறுந்திருக்காது. மறுபடி போட்டால் மறுபடி நிற்கும். லின் பாபினைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், நூல் இறுக்கத்தைப் பார்த்தார், பின்பக்கம் திறந்து சர்க்யூட் கார்டைப் பார்த்தார். மதியம் ஆகிவிட்டது. சட்டை முதுகு நனைந்து ஒட்டிக்கொண்டது.

“நேற்று நான் போனபோது சரியாக இருந்தது. அப்புறம் யாரோ எதையோ செய்திருக்கிறார்கள். நான் இல்லாமல் யாராவது மெஷினைத் தொட்டிருந்தால் கம்பெனி பொறுப்பேற்காது” என்றார் லின். மொழிபெயர்த்தேன்.

அண்ணாச்சி கலாவின் பக்கம் திரும்பினார். “நேத்து கடைசியா நின்னது யாரு? நீதானே? அப்பவே நெனச்சேன். தெரியாத வேலையில கை வச்சா இப்படித்தான். நீ வீட்டுக்குப் போ. நூல் வெட்ட வேற ஆளு பாத்துக்கிடுதேன்.”

ஆபரேட்டர் வேலை மட்டுமல்ல, இருந்த வேலையும் போயிற்று. கலா, பக்கத்தில் நின்றிருந்த அண்ணாச்சியின் மனைவி பார்வதி அக்காவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த பையை எடுக்கப் போனாள்.

பார்வதி அக்காதான் தாங்க முடியாமல் பேசினார். “ஏங்க, அந்தப் பிள்ளைய ஏன் வையுதீங்க? காலையில நல்ல நேரம் பாத்து நாமதானே பூஜை போட்டோம்? சின்னச் சின்னக் கண்ணாடியக்கூட விடாம, தலைக்குத் தலை நானே சந்தனம் தொட்டு வச்சேனே. சாமி கும்பிட்ட மெஷினு நிக்குதுன்னா அதுக்கு அவ என்ன செய்வா?”

அண்ணாச்சி என் பக்கம் சட்டென்று திரும்பினார். “மேடம், இதை அவருக்குச் சொல்லாதீக. மெஷின் பக்கத்துல தூள், ஈரம் எதுவும் கூடாதுன்னு முதல் நாளே சொன்னாரு. அவர் வாரதுக்குள்ள எல்லாத்தையும் தொடச்சாச்சு. தெரிஞ்சா வாரண்டி போயிரும்.”

எனக்குச் சம்பளம் தருபவர் அவர். சீனாவிலிருந்து இன்னும் இரண்டு மெஷின் வரப்போகிறது என்றும், அதற்கும் நீங்கள்தான் என்றும் சொல்லியிருந்தவர். பக்கத்திலேயே பையை மாட்டிக்கொண்டு கலா நிற்கிறாள். நான் ரொம்பவெல்லாம் யோசிக்கவில்லை. லின் பக்கம் திரும்பி, அக்கா சொன்னதைச் சந்தனம் உள்பட அப்படியே சொன்னேன். அண்ணாச்சி சொன்னதையும் சொன்னேன். வாரண்டியையும் விடவில்லை. அண்ணாச்சிக்குச் சீனம் புரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

4. பன்னிரண்டு பொட்டு

லின் டார்ச்சை எடுத்து முதல் தலையில் நூலைக் கவனிக்கிற சென்சாருக்குள் அடித்துப் பார்த்தார். என்னையும் அண்ணாச்சியையும் அழைத்துக் காட்டினார். மேலே துடைத்தது மேலேதான் போயிருந்தது. குட்டிக் கண்ணாடியின் ஓரத்தில் சந்தனம் காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது. சென்சாருக்கு நூல் தெரியவில்லை. தெரியாததால் அறுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு தலையிலும் அதே கதை. அக்கா ஒன்றைக்கூட விடவில்லை.

“ஏன் இப்படிச் செய்தார்கள்?” என்று லின் கேட்டார்.

“புது மெஷின் நல்லா ஓடணும்னு தம்பி” என்றார் பார்வதி அக்கா. அதை லின்னிடம் சொன்னேன்.

லின் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் ஊரிலும் புது மெஷின் வந்தால் சிவப்புத் துணி கட்டி, வெடி வெடித்து, பழம் வைத்துக் கும்பிடுவார்களாம். கும்பிடாத மெஷினில் கை வைக்க அவருடைய அம்மா விடமாட்டாராம். ஒரு சாக்பீஸ் வாங்கி மெஷினின் இரும்புச் சட்டத்தில் வட்டம் போட்டார். பொட்டு வைப்பதானால் இனிமேல் இங்கே வையுங்கள், கம்பெனிக்கு நான் ஒன்றும் எழுதப் போவதில்லை என்றார்.

அப்புறம் பையோடு நின்றவளைப் பார்த்து, “கலா” என்றார். பஞ்சையும் ஸ்பிரிட்டையும் நீட்டி டா என்று தொடங்கும் ஒரு சொல் சொன்னார். நான் வாயெடுப்பதற்குள் கலா பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடிகளைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள். அடுத்து எண்ணெய்க்கு ஒரு டா, முடிச்சுக்கு ஒரு டா, சுவிட்சுக்கு ஒரு டா. எதற்கும் அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வேலையே இல்லாமல் போனது. அன்றைக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் லின் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். கலா ஓட்டினாள். நடுவில் ஒரு தலையில் நூல் நிஜமாகவே அறுந்தது. அவள் நிறுத்தி, கோத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மயில் முழுசாக வந்தது. லின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அதற்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அண்ணாச்சி மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார். “மேடம், நான் அவள வஞ்சது தப்புத்தான். அதைக் கொஞ்சம் கலாகிட்டச் சொல்லிருங்களேன்.”

“எனக்குச் சீனம் மட்டும்தான் அண்ணாச்சி. தமிழுக்கு நீங்களே போங்க” என்றேன்.

போனார். என்ன சொன்னார் என்று மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கலா சொன்னது மட்டும் கேட்டது, ஏனென்றால் அவள் கத்திச் சொன்னாள். “அத்த வுடு அண்ணாச்சி. பச்ச நூலு தீந்துகினு கீது. இப்பவே ஆள அனுப்பு, இல்லாங்காட்டி சாயங்காலம் மிஷினு நிக்கும்.” அண்ணாச்சி கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

அடுத்த இரண்டு மெஷினுக்கும் அவர் என்னைத்தான் கூப்பிட்டார். இப்போது நான் பட்டறைகளுக்குப் போவதில்லை. அடையாறில் சீன வகுப்பு எடுப்பதோடு சரி. இந்த வேலைக்கு வர நினைக்கிற பிள்ளைகள், ஒரு சொல்லுக்கு இத்தனை அர்த்தமா, எப்படிச் சமாளிப்பது என்று பயந்து கேட்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: சொல்லைப் பற்றிப் பயம் வேண்டாம். எதிரில் நிற்பவரின் கையைப் பார்த்தால் பாதி அர்த்தம் அங்கேயே கிடைத்துவிடும். பயப்பட வேண்டியது, இதைச் சொல்லாவிட்டால்தான் என்ன என்று நமக்கே தோன்றுகிற அந்த நேரத்துக்குத்தான். அப்போது பக்கத்தில் யாராவது பையை மாட்டிக்கொண்டு நிற்கிறார்களா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.