ஊர் பார்க்க வந்த மாமனார்

அறுபத்திரண்டோ அறுபத்து மூன்றோ, வருஷம் சரியாக நினைவில்லை. ஆனி மாதம் என்பது மட்டும் நிச்சயம். தென்காசியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். வயது இருபத்தாறு, கல்யாணம் ஆகவில்லை, வாய் மட்டும் நீளம். அந்த வாயால் என் கல்யாணமே கைநழுவிப் போகப் பார்த்தது.

முதலில் எங்கள் ஊர்க்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டால் தென்காசியில் குடியிருப்பவன் பாடு திண்டாட்டம்தான். எந்தக் காலத்திலோ ஒரு துஷ்டிக்கு, சாவு வீட்டில் பார்த்த சொந்தக்காரர் எல்லாம் துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாக வாசலில் வந்து நிற்பார். அவர் பின்னால் ஆறு பேர். அருவியில் குளித்தால் பசி எப்படி எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குளித்துவிட்டு வந்து இருபது இட்லி தின்பார்கள், தூங்குவார்கள், மறுபடியும் குளிக்கப் போவார்கள். இரண்டு மாதம் இதே கூத்து.

இதற்கு மருந்தாக ஊரே சேர்ந்து ஒரு வித்தையைக் கற்று வைத்திருந்தது. வெளியூர்க்காரர் யாராவது வாய் திறந்து "ஊர் எப்படி?" என்று கேட்டால் போதும், ஊரைக் கிழி கிழியென்று கிழித்துவிடுவோம். சாரல் இல்லை, அருவியில் தண்ணீர் இல்லை, கொசு ஆளைத் தூக்குகிறது, வீட்டுக்கு வீடு காய்ச்சல், பால் தண்ணீராக இருக்கிறது. கேட்டவர் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிற வரைக்கும் விடமாட்டோம்.

எங்கள் தெருப் பெண்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அம்மை போட்டிருக்கும் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள் அல்லவா? அந்த வேப்பிலையைப் பார்த்தால் எப்பேர்ப்பட்ட விருந்தாளியும் படி ஏறமாட்டான். சீசன் தொடங்கியதும் ஒரு வீட்டில் ஆரம்பித்து, நாலைந்து வீட்டு நிலையில் வேப்பிலை தொங்க ஆரம்பித்தது. எங்கள் வீட்டிலும்தான். தெய்வக் குத்தம் இல்லையா என்று அம்மாவிடம் கேட்டேன். ஒருநாள் அவள் வந்து இட்லிக்கு மாவு ஆட்டிப் பார்க்கட்டும், அப்புறம் என்னைக் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டாள். 'அவள்' என்றது மாரியம்மனை!

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பங்குனியில் சங்கரன்கோவிலில் ஒரு கல்யாணம். மைக் செட்டு மக்கர் பண்ணுகிறது என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் வேர்க்க விறுவிறுக்கச் சரிபண்ணி, பாட்டு மறுபடி அலற ஆரம்பித்ததும், பந்தலில் இருந்த ஒரு பெண் என்னைப் பார்த்து, "சரியாக்கிட்டீகளா? இப்பத்தான் காது கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு" என்றாள். என் தொழிலையே ஒரே வரியில் கவிழ்த்துவிட்டுச் சிரித்தாள். நான் விழுந்துவிட்டேன். அதற்கப்புறம் எந்த ரேடியோவைத் திறந்தாலும் அந்தச் சிரிப்புத்தான்.

செங்கோட்டையில் இருந்த என் தாய்மாமனைப் பிடித்து விசாரிக்கச் சொன்னேன். பெண் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். ஜாதகம் பொருந்திவிட்டது. ஆனால் பெண்ணின் அப்பா ஒரு விசித்திரமான மனிதர் என்று மாமா சொன்னார். பையன் எப்படி, சம்பாத்தியம் எப்படி என்று ஒரு கேள்வி இல்லையாம். மாப்பிள்ளையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஊரைப் பார்க்க வேண்டும், மகள் குடியிருக்கத் தோதான ஊர் என்று மனசுக்குப் பட்டால்தான் மேற்கொண்டு பேச்சு என்று கறாராகச் சொல்லிவிட்டாராம். வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல். எனக்கு ஒரே குஷி. தென்காசியைப் பார்த்து வேண்டாம் என்று சொல்கிறவன் எவன்?

புதன்கிழமை காலை. சாரல் பிசுபிசுவென்று விழுந்துகொண்டிருந்தது. ஒரு ரேடியோவின் குடலை உருவி மேஜையில் பரப்பி வைத்திருந்தேன். வெள்ளை அரைக்கைச் சட்டை, மஞ்சள் பை, குடையுமாக ஒரு பெரியவர் கடையோரம் ஒதுங்கினார். கொஞ்ச நேரம் தெருவை வேடிக்கை பார்த்துவிட்டு, இந்த ஊர் குடியிருக்க எப்படி என்று கேட்டார்.

எனக்குள் மணி அடித்தது. சீசன் ஆள்! இன்றைக்கு ஊர் எப்படி என்பான், நாளைக்கு வீடு கிடைக்குமா என்பான், நாளன்றைக்கு நம் வீட்டில் இட்லி தின்பான். உடனே என் ரேடியோவைத் திருகிவிட்டேன். கொசுவில் தொடங்கினேன். காய்ச்சலுக்குப் போனேன். சாக்கடை, கரண்டு, கலப்படப் பால், எலி, ஒன்றையும் விடவில்லை. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணி எப்படி தம்பி?" என்றார்.

"தண்ணியா? அதை மட்டும் கேக்காதீக அண்ணாச்சி. கிணத்துல சொட்டு கிடையாது. ஒரு குடம் தண்ணிக்கு நாயா அலையுதோம்."

சொல்லும்போது கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் அவர் தோளில் கொட்டிக்கொண்டிருக்கிறது. வாசலில் ஓடை மாதிரி ஓடுகிறது. அவர் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இது மழைத் தண்ணீர், இதையெல்லாம் வாயில் வைக்க முடியாது என்று அதற்கும் ஒரு போடு போட்டேன். சந்தேகமாக இருந்தால் எதிரே காப்பிக் கடை அண்ணாச்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பியும் வைத்தேன். காப்பிக் கடை அண்ணாச்சி இந்த வித்தையில் எனக்கு வாத்தியார். அவரிடம் போனவர் உருப்படியாகத் திரும்பியதில்லை.

மத்தியானம் சாப்பிடப் போனபோது அம்மா வெற்றிக் களிப்பில் இருந்தாள். குடையும் மஞ்சள் பையுமாக ஒரு ஆள் வந்து நம் வீட்டையே குறுகுறுவென்று பார்த்துக்கொண்டு நின்றானாம். வேப்பிலையைக் காட்டி யாருக்கு என்று கேட்டிருக்கிறான். என் மகனுக்குத்தான், மேலெல்லாம் முத்து, கிட்டத்தில் போக முடியவில்லை என்று சொல்லி அனுப்பினாளாம். ஆனாலும் மனசு கேட்கவில்லை, ஜன்னல் வழியாக ஒரு செம்பு மோர் கொடுத்தாளாம். அட, அதே ஆள்தான் என் கடைக்கும் வந்தான் என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அன்றைக்கு ரசம் கூட ருசியாக இருந்தது.

நாலு மணிக்கு மாமா வீட்டுக்குள் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளிக்கிழமை வர வேண்டியவர் இன்றைக்கே வந்துவிட்டார் என்றார். பஸ் நிலையத்தில் பார்த்தாராம். ஊரை நன்றாக விசாரித்துவிட்டேன், ஊரே ஒரே குரலில் சொல்கிறது, வந்ததற்குக் குற்றாலத்தில் ஒரு குளியல் போட்டுவிட்டு ஆறு மணி பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஆள் எப்படி இருந்தார் என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். வெள்ளை அரைக்கைச் சட்டை, குடை, மஞ்சள் பை என்றார் மாமா.

அம்மா எழுந்து போய் நிலையிலிருந்த வேப்பிலையைப் பிய்த்துக் கொல்லையில் வீசினாள். ஒரு மஞ்சள் துணியில் காணிக்கையை முடிந்து சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் சைக்கிளை எடுத்தேன்.

வழியில் காப்பிக் கடை அண்ணாச்சி கையைத் தட்டிக் கூப்பிட்டார். நான் அனுப்பிய ஆளோடு ஏதோ வாய்த்தகராறு போலிருக்கிறது, கடுகடுவென்று இருந்தார். என்னவென்று கேட்க நேரமில்லை. எதிர்ச்சாரல் முகத்தில் அறைய அறைய மிதித்தேன். காலையில் நான் இல்லை என்று சத்தியம் செய்த தண்ணீர் எல்லாம் வழி நெடுகிலும் என்னைப் பார்த்துச் சலசலத்துக்கொண்டு ஓடியது.

பேரருவியில் கூட்டமென்றால் கூட்டம். எண்ணெய் வழிகிற உடம்புகளுக்கு நடுவே அவரைத் தேடினேன். அருவிக்கு நேர் கீழே, கண்ணை மூடிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். போட்ட சட்டையோடு உள்ளே புகுந்து அவர் பக்கத்தில் நின்று, நான் சொன்னதெல்லாம் பொய் என்று கத்தினேன். அருவிச் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்டதோ, கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுத்தார். மறுபடி கத்தினேன். ஆமாம், நல்ல தண்ணீர் என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். கடைசியில் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தேன்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ரேடியோக்காரத் தம்பிதானே என்றார். ஆமாம் மாமா என்றேன். காலையில் அண்ணாச்சியாக இருந்தவர் சாயங்காலம் எப்படி மாமா ஆனார் என்று அவர் யோசிப்பதற்குள், அந்த மாப்பிள்ளை நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். "என்ன தம்பி, அதுக்குள்ள அம்மை எறங்கிருச்சா?"

பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். சீசன் தொல்லை, இட்லி, வேப்பிலை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு யோசனை சொன்னார். ஊர் எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும். கோவில்பட்டி பஜாரில் எனக்கு ஒரு கடை வைத்துத் தருகிறாராம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே குடி வந்துவிட வேண்டியது. வந்தால் பெண்ணைத் தரத் தயாராம்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பெரிய பஜார், நிறைய ரேடியோ, மனசுக்குப் பிடித்த பெண். சரி மாமா என்று காலில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"இந்த ஊரை விட்டா? அது மட்டும் நம்மால ஆவாது மாமா. ஆனி, ஆடிச் சாரலை விட்டுட்டு எவனாவது போவானா?"

அதோடு நின்றேனா? இந்தக் காற்று உங்கள் ஊரில் வருமா, ஆடியில் எங்கள் வீட்டுக் கிணற்றைப் பார்த்திருக்கிறீர்களா, மலையில் மேகம் இறங்குவதைக் காலையில் கடை திறக்கும்போது பார்க்காவிட்டால் எனக்கு அன்றைக்கு வேலையே ஓடாது என்று காலையில் வைததையெல்லாம் அப்படியே திருப்பிப் போட்டுப் பேசினேன். கோபமாகவே பேசினேன். பேசி முடித்த பிறகுதான், பெண் போய்விட்டது என்று உறைத்தது. ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். காப்பிக் கடை அண்ணாச்சியிடமும் இதையே கேட்டாராம், இவ்வளவு மோசமான ஊரை விட்டுப் போய்விடலாமே என்று. நான் எதுக்குவே போகணும், நீரு கெளம்பும் என்று அண்ணாச்சி அடிக்காத குறையாக விரட்டியிருக்கிறார். அம்மாவும் அதே கேள்விக்கு மோர்ச் செம்பை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாளாம்.

"அப்ப வேப்பிலையை நம்பலையா மாமா?"

அம்மை போட்ட வீட்டில் தாளிக்கமாட்டார்கள், தெரியும்தானே? அந்தத் தெருவில் வேப்பிலை தொங்கிய அத்தனை வீட்டிலும் கடுகு வெடிக்கிற வாசம் தூக்கியது, எங்கள் வீட்டில் வெங்காயமும் சேர்ந்து மணந்தது என்றார்.

அப்புறம் அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். குரல் மாறிவிட்டது. "மூத்தவளைக் குடுக்கையில அந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் ஆகா ஓகோன்னாக. இன்னைக்குப் பாதிப் பேரு வீட்டைப் பூட்டிட்டு வெளியூருக்குப் பொழைக்கப் போயிட்டாக. எம் மக மட்டும் குடத்தைத் தூக்கிக்கிட்டு ரெண்டு மைலு நடக்கா. அதான் தம்பி, இந்தத் தடவை ஊரு எப்படின்னு மட்டும் கேட்டுட்டு விட்டுரலை."

ஆறு மணி பஸ் போய்விட்டது. அவரைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அம்மா இட்லி அவித்துப் போட்டாள். எத்தனை சாப்பிட்டார் என்று எண்ணக்கூடாது என்று எனக்குக் கண்ணாலேயே உத்தரவு.

ஆவணியில் கல்யாணம். வந்த மறுநாள் காலை என் மனைவி கிணற்றடிக்குப் போனாள். அவர்கள் ஊர் ஆழக் கிணற்றுப் பழக்கத்தில் கயிற்றை மளமளவென்று விட்டிருக்கிறாள். வாளி உடனே தண்ணீரில் தட்டிவிட்டது. திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தாள். ஒரு வாளி இறைத்தாள், பக்கத்துத் தொட்டியில் ஊற்றினாள், இன்னொரு வாளி. தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் இறைத்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

இந்தக் காலத்தில் எந்த ஊர் வாழ வசதியான ஊர் என்று அங்கங்கே குடியிருப்பவர்களையே கேட்டு மார்க் போடுகிறார்களாமே. என்னிடம் யாராவது வந்தால் இப்போதும் கொசுவில்தான் தொடங்குவேன், அந்த வாய் திருந்தவில்லை. ஆனால் யாராவது என்னிடம் தன் ஊரை ஏசினால், அப்படியானால் கிளம்பிவிடலாமே என்று மெதுவாக ஒரு வார்த்தை போட்டுவிட்டு, அன்றைக்கு அருவிக்கரையில் அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்த மாதிரி அவர் முகத்தைப் பார்ப்பேன், அதில் வருகிற கோபத்துக்குத்தான் நான் மார்க் போடுகிறேன்.