எதிர்க்கட்சியில் எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் நெரவியில் பிறந்து, காரைக்காலில் மின்சாமான் கடை வைத்து வாழ்ந்தவர். அப்பா வழியில் எங்கள் இருவருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் பாரிசுக்குப் போனேன். அவர் அதை வைத்துக்கொண்டு ஊரிலேயே இருந்தார். அப்பா தவறியபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என்னைப் படிக்க வைத்து, விமானம் ஏற்றியவரும் அவர்தான்.

மது, புகை, அரசியல் மூன்றையும் தொடாதவர். நினைவு மலரில் எல்லோரையும் இப்படித்தான் எழுதுவார்கள்; இவர் விஷயத்தில் அது உண்மையாகவும் இருந்துவிட்டது. ஒரே ஒரு குறை. கேமராவில் கட்சி மாறுவார்.

விடியலில் கருக்களாச்சேரிக் கடற்கரையில் படகுகள் கரையேறுவதைப் படமெடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. கேமராக் கம்பெனிகளை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. கழுத்துப் பட்டையின் நிறம்தான் பெயர்: மஞ்சள், சிவப்பு. முதலில் அவர் மஞ்சள். அவர் பேச்சைக் கேட்டு, பாரிசில் முதல் சம்பளத்தில் நானும் மஞ்சள் வாங்கினேன். அடுத்த மாதமே அவர் சிவப்புக்குப் போய்விட்டார்.

“அண்ணே, நீங்க சொல்லித்தானே வாங்கினேன்?”

“அப்ப எனக்கு வெவரம் பத்தலடா தம்பி. மஞ்சள்ல மனுசன் மூஞ்சியெல்லாம் காமாலை வந்தாப்புல இருக்கு.”

அன்று தொடங்கிய சண்டை பல வருடம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். லென்ஸ், நிறம், பேட்டரி என்று ஒரு மணி நேரம் மோதுவோம். இரண்டு பேருமே போட்டியில் பரிசு வாங்குகிற ஆட்கள் இல்லை. என் படங்களில் பாதி ஆடியிருக்கும். அவருடைய படங்களில் படகைவிடக் காக்கைகள் தெளிவாக இருக்கும்.

அண்ணி காலமான பிறகு வீட்டில் அவர் ஒருவர்தான். பிள்ளைகள் இல்லை. தனியாக இருக்கும் மனிதரிடம் இன்னும் என்ன சண்டை என்று நினைத்து, நான் சிவப்பு வாங்கினேன்.

“அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. நானும் ஒங்க பக்கம் வந்துட்டேன்.”

“அப்படியா, சரி. அங்க குளிரா?” என்றார்.

அடுத்த ஞாயிறும் குளிரைக் கேட்டார். நான் மழையைக் கேட்டேன். அதற்கு மேல் இருவருக்கும் ஒன்றும் வரவில்லை. இப்படியே சில மாதம் போனது. ஒருநாள் அவரே சொன்னார்: “தம்பி, எல்லாத்தையும் வித்துட்டு மஞ்சளுக்கு வந்துட்டேன்.”

“அத்தனை லென்ஸையுமா? அடிமாட்டு வெலைக்குத்தானே எடுத்திருப்பான்? ஏண்ணே இப்படி?”

“ரெண்டு பேரும் ஒரே கட்சின்னா அப்புறம் என்னத்தப் பேசுறது? இப்ப பாரு, ஒனக்குக் கோவம் வருதுல்ல.”

அன்று ஒன்றரை மணி நேரம் பேசினோம்.

போன வருடம், ஒரு வியாழக்கிழமை காலை, மாரடைப்பில் தூக்கத்திலேயே போய்விட்டார். அவருடைய மஞ்சள் பட்டை இப்போது என் அலமாரியில், சிவப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு கட்சியும் ஒரே தட்டில் இருந்தும் சத்தமே இல்லை.

இந்த மலரின் அட்டையில் உள்ள படம், கடைசியாக நான் வந்திருந்தபோது கருக்களாச்சேரியில் என் கேமராவில் எடுத்தது. திரையில் பார்த்துவிட்டுச் சொன்னார்: “என்னடா இது, காரைக்காலுக்கு வந்து தண்ணி போட்ட வெளியூர்க்காரன் மாதிரி செவந்து கெடக்கேன்?” அச்சகத்தார் நிறத்தைச் சரிசெய்து தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

தினமும் காலையில் இட்லி கொடுத்தனுப்பி, அன்று கதவு திறக்கவில்லை என்று முதலில் பதறிய எதிர்வீட்டு அக்காவுக்கும், நான் வந்து சேரும்வரை உடனிருந்த கடைத்தெரு நண்பர்களுக்கும், கடலுக்குப் போகாமல் வந்து தோள் கொடுத்த கருக்களாச்சேரி மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குப் போகுமுன் அட்டையைப் பார்த்தவர்கள் எல்லோரும் படம் அருமை என்கிறார்கள். முகம் அதிகமாகச் சிவந்திருப்பதாக உங்களில் யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து போன் செய்து சொல்லுங்கள். மறுத்துப் பேச என்னிடம் நிறைய இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருக்கிறேன்.

— தம்பி