பந்துக்குள் இருந்த மூச்சு

பலூன்காரர் ஊதி முடித்துக் கழுத்தைத் திருகி நூல் கட்டும்போது ரப்பர் கீச்சென்று ஒரு சத்தம் போடும். உள்ளே அகப்பட்டுக்கொண்ட காற்று போடும் சத்தம். அதைக் கேட்டால் இந்த வயதிலும் என் முதுகில் எறும்பு ஊர்கிறது. கூட வந்தவர்களை விட்டுவிட்டு இரண்டு கடை தள்ளிப் போய் நின்றுகொள்கிறேன். பலூனுக்குப் பயப்படுகிறவள் என்று வீட்டில் கேலி. பலூனுக்கு அல்ல. உள்ளே இருப்பது யாருடைய மூச்சு என்பதற்கு.

யுத்த காலம். எனக்கு எட்டு வயது. விழுப்புரத்தில் ரயிலடிக்குப் பின்னால் எங்கள் வீடு. அண்ணன் உயர்நிலைப் பள்ளியில் கடைசி வகுப்பு. கால்பந்து அணிக்குக் கேப்டன். தோட்டத்துச் சுவரில் அவன் கரித்துண்டால் பதினோரு வட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதியிருந்தான். முன்வரிசையில் நடு வட்டம் மட்டும் காலி. அம்மா சுவரை வெள்ளையடிக்கச் சொன்னபோதும் அந்தப் பக்கம் யாரும் மட்டையைக் கொண்டுபோகவில்லை.

அந்த வட்டம் அத்தை மகனுடையது. திண்டிவனத்தில் ஒரே வகுப்பில் இரண்டு தடவை தங்கிவிட்டதால், இடம் மாறினால் புத்தி மாறும் என்று எங்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். படிப்பு இங்கேயும் அவனைக் கண்டுகொள்ளவில்லை. பந்து கண்டுகொண்டது. சொந்த ஊர் அணிக்கு எதிராகவே இரண்டு கோல் போட்டுவிட்டு, ஏதோ திருடியவனைப் போலத் தலைகுனிந்து வந்தான்.

பந்து ஊதுவதும் அவன் வேலைதான். பள்ளிக்கூடத்துப் பம்பு எப்போதோ உடைந்திருந்தது. தோலின் வாரைப் பிரித்து, உள்ளே இருக்கும் ரப்பர்ப் பையின் குழாயை வெளியே இழுத்து வாயில் வைத்துக்கொள்வான். கன்னம் உப்பும், கண் சிவக்கும். குழாயை மடக்கி நூலால் கட்டி உள்ளே திணித்து, வாரை மறுபடி இழுத்துக் கட்டி, என் கையைப் பிடித்துப் பந்தின் மேல் அமுக்குவான். கல்லு மாதிரி இருக்கும். பையில் இரண்டு ஒட்டு. ஒரு வாரத்துக்கு மேல் காற்று நிற்காது. வாராவாரம் ஊதுவான்.

கோடை விடுமுறைக்குப் பந்தை ஊருக்கு எடுத்துப்போனான், தோலுக்குக் கொழுப்பு தடவி வைப்பதாகச் சொல்லி. பள்ளிக்கூடத்தில் இருந்ததே அந்த ஒரு பந்துதான். ஒரு நாள் காலை அதை ஊதிக் கட்டி வைத்தான். அன்று சாயங்காலம் காய்ச்சல். மூன்றாம் நாள் இல்லை.

பள்ளி திறந்தது. அந்த வருஷம் போல ஓர் அணி எங்கள் ஊருக்கு வாய்த்ததில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். கோல் காப்பவன் ஒரே கோடையில் ஒரு முழம் வளர்ந்திருந்தான். இடது ஓரத்தில் ஓடுகிறவன் தண்டவாளத்து ஜல்லியில் வெறுங்காலோடு ஆடு துரத்திப் பழகியவன். புல்தரையில் அவனைப் பிடிக்க ஆளில்லை. திண்டிவனத்தை இந்தத் தடவை விடுவதில்லை என்று பேச்சு. எல்லாம் இருந்தது, பந்தைத் தவிர. பழைய தோல் ஒன்றில் வைக்கோல் அடைத்துப் பார்த்தார்கள். அது விழுந்த இடத்தில் பூசணிக்காய் போல உட்கார்ந்துகொண்டது. கோல் காப்பவன் அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு அண்ணனைக் கேட்டான்: “கேப்டன், இத்த உதைக்கணுமா, இல்ல கொழம்பு வெக்கணுமா?”

யாரும் சிரிக்கவில்லை. டிரில் மாஸ்டர் பட்டணத்துக்கு எழுதிப் பார்த்துவிட்டார். ரப்பரெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதாம். திங்கட்கிழமைக்குள் கண்ணில் ஒரு பந்தைக் காட்டாவிட்டால் பந்தயங்களுக்கு ஊர்ப் பெயரை அனுப்பமாட்டேன் என்றார். அண்ணனுக்கு அதுதான் கடைசி வருஷம். அன்று அவன் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலைப் பாசஞ்சரில் என்னையும் இழுத்துக்கொண்டு திண்டிவனம் புறப்பட்டான். மூன்று மாதம் ஆகாத சாவு வீட்டில் பொருள் கேட்பது எப்படி? பெண் குழந்தை கேட்டால் தப்பில்லை, அத்தைக்கு இவள் என்றால் உயிர் என்று அவனாகக் கணக்குப் போட்டிருந்தான். அம்மா வேறொன்று சொல்லி அனுப்பினாள். திரும்பும்போது ‘போய்ட்டு வர்றோம்’ என்று சொல்லக்கூடாது. அந்த வீட்டில் வருகிறேன் என்ற சொல் ஆகாது. பேசாமல் படி இறங்கிவிட வேண்டும்.

வண்டியில் அண்ணன் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தான். பந்து இந்நேரம் சப்பிப்போய்க் கிடக்கும், பை ஒட்டிக்கொண்டால் கிழிந்துவிடும் என்று கவலைப்பட்டான்.

பந்து சப்பவில்லை.

உள்ளறையில், தயிர்ப்பானை தொங்கவேண்டிய உறியில் அது தொங்கியது. காற்றே இல்லாத அறை. சன்னல் வழியாக ஒரு பலகை அகலத்துக்கு வெயில். அந்த வெயிலுக்குள் பந்து மெள்ள, மிக மெள்ள, தன் பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் அடியில் அத்தை முறம் வைத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து அழவில்லை. என்னை மட்டும் கிட்டே கூப்பிட்டு, என் கட்டைவிரலைப் பிடித்துப் பந்தின் மேல் வைத்தாள்.

“அமுக்கிப் பாருடி. உள்ள இருக்கறான்.”

தெருப் பெண்கள் இரண்டு பேர் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார்கள். தினமும் வருவார்களாம். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் விரலுக்கு அது கல்லாக இல்லை. பழுக்கப்போகிற கொய்யா போல லேசாக இடம் கொடுத்தது. ஆனால் ஒரு வாரம் நிற்காத காற்று இத்தனை நாள் நின்றிருக்கிறது. அண்ணனும் அமுக்கினான். கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான். அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில், திண்டிவனத்துப் பையன்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டான். கேட்கவேண்டியவள் நான் மட்டும் அந்தப் பந்தோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருப்பவனைக் கேட்காமல் எப்படிக் கேட்பது?

உச்சி வேளைக்கு மாமா வந்தார். மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவர். தூசு தின்று தின்று நெஞ்செல்லாம் இருமல். அவர் செருப்பைக் கழற்றியதுமே அத்தை துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். ஏரிக்குத் துவைக்கப் போவதாகவும், திரும்ப ரொம்ப நேரமாகும் என்றும் செவிடருக்குச் சொல்வது போல உரக்கச் சொல்லிவிட்டுப் போனாள். நான் கூடத்துப் பாயில் கண்ணை மூடிக் கிடந்தேன். தூங்குகிறேன் என்று அவர் நினைத்திருக்கவேண்டும்.

உறி கிறீச்சிட்டது. கண்ணைத் திறந்தேன். உள்ளறையில் மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. இளநீரைத் தூக்கிக் குடிக்கிறவர் போலப் பந்தை இரண்டு கையாலும் முகத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தார். தோள் ஏறி இறங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. நடுவில் நிறுத்தி, சத்தம் வராமலிருக்க மேல்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமினார். உடம்பு முழுக்கக் குலுங்கியது. பிறகு மறுபடி வாய் வைத்தார். கடைசியில் ஒரு கீச்சு.

அவர் மண்டிக்குத் திரும்பிய பிறகு நான் எழுந்து போய் எட்டிப் பந்தைத் தொட்டேன். கல்லு. அவர் குடித்திருந்தால் குறைந்திருக்க வேண்டும். குடிக்கக் குடிக்க நிறைகிறது என்றால் உள்ளே இருப்பவன் சும்மா இல்லை. பந்து என் பக்கமாகத் திரும்பியது.

அத்தை வந்ததும் அவள் ஈரப்புடவையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். “அத்தை, மாமா பந்த எடுத்துக் குடிக்கறாரு. அத்தான் மூச்ச குடிக்கறாரு.”

அத்தை கையிலிருந்த துணியை மெதுவாகக் கீழே வைத்தாள். பயப்படவில்லை, கோபப்படவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

“இருமினாராடி?”

“ரொம்ப. துண்டை வாயில வெச்சுக்கினு.”

அத்தை துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டாள். எப்போதும் போல இழுத்து இழுத்துச் சீராக.

அண்ணன் தொங்கிய முகத்தோடு திரும்பினான். திண்டிவனத்துப் பையன்களிடம் எப்படியோ ஒரு புதுப் பந்து இருந்தது. அது தரையைத் தொட்டு எழும்பும் சத்தமே வேறு என்றான். இனிக் கேட்பதில்லை, போய்விடலாம் என்று என் காதில் சொன்னான். அந்த அறைக்குள் மறுபடி நுழைய அவனுக்குத் தைரியமில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கும் இல்லை.

அந்த வருஷத்து ஆட்டங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பெயர் அனுப்பப்பட்டது. முதல் ஆட்டத்திலேயே திண்டிவனத்திடம் தோற்றோம். மற்ற ஊர்களிடம் தோற்கவில்லை. முன்வரிசையின் நடுவில் அண்ணனே ஆடினான், சுமாராக.

மாலை வண்டிக்கு நேரமானது. மாமா மண்டியிலிருந்து வந்து வாசலில் நின்றார். நாங்கள் ஒன்றும் சொல்லாமல் படி இறங்கினோம், அம்மா சொன்னபடி. பின்னால் உறி கிறீச்சிட்டது. அத்தை பந்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வெளி வெளிச்சத்தில் அது ரொம்பச் சின்னதாக இருந்தது. மாமா அதைத் தடுக்கக் கை நீட்டினார். பாதியில் கை நின்றுவிட்டது. அத்தை அவரைத் தாண்டி வந்து அண்ணனின் இரண்டு கையிலும் அதை வைத்தாள். அப்புறம் திரும்பாமலே, அவருக்கும் கேட்கட்டும் என்பது போல, ஒரு வார்த்தை சொன்னாள். கேட்டதும் மாமா தூணோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன், ஒரு கேப்டன், நடுத்தெருவில் அழுதான். நான் அவன் சட்டையைப் பிடித்து, ஜல்தி வா, வண்டி போய்விடும் என்று இழுத்துக்கொண்டிருந்தேன். பந்து கிடைத்துவிட்டதே, இனி எதற்கு அழுகை? அந்தச் சொல்லில் பயப்பட ஒன்றுமில்லை, அழவும் ஒன்றுமில்லை என்றுதான் அன்று பட்டது.

“இனிமே நீ ஊதுடா. உங்க மாமாவுக்கு மூச்சு பத்தல.”